கிராதோம்: இலை வேறு, பொட்டலம் வேறு (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் நுணா மரத்தைப் பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது, காபியும் நுணாவும் வெட்சியும் ஒரே குடும்பம், தாய்லாந்திலும் மலேசியாவிலும் வளரும் கிராதோம் என்கிற போதை தரும் மரமும் அதே குடும்பம்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இந்த முறை இத்தனை பேர் எழுதுவார்கள் என்று நினைக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து மலேசியாவின் கெடா வரை, அமெரிக்கா வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலது வெறும் ஆர்வம், சிலது படிக்கவே மனசு கனக்கிற கடிதங்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் இந்த மரத்துக்கே கொடுத்துவிடுகிறேன்.

கிராதோம் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். கஞ்சா மாதிரி செடியா? எங்கே வளர்கிறது?
– வாசகர், திருநெல்வேலி

கஞ்சாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது மரம். ஆற்றோரத்திலும் தண்ணீர் தேங்கும் தாழ்வான நிலத்திலும் நன்றாக வரும். சாதாரணமாக 4 முதல் 16 மீட்டர் உயரம், நல்ல இடம் கிடைத்தால் 25 மீட்டர் வரைக்கும்கூடப் போகும். இலை உள்ளங்கையைவிடப் பெரியது, எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை, நரம்பு சில மரங்களில் சிவப்பாக இருக்கும், சிலவற்றில் வெளிறிய பச்சை. பூ மஞ்சள் நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பூக்கும். கடம்பம் பூவைப் பார்த்தவர்களுக்கு அதைச் சிறிதாக்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

தாயகம் தென்கிழக்கு ஆசியா. தென் தாய்லாந்து, அதை ஒட்டிய மலேசியாவின் வட மாநிலங்கள், சுமத்ரா, போர்னியோ, பப்புவா நியூகினி என்று பரவியிருக்கிறது. கிராதோம் என்பது தாய்லாந்து மொழிப் பெயர், அந்த மொழியில் அதே சொல்லுக்குக் குடிசை என்றும் பொருள் உண்டு. மலாய்க்காரர்கள் கெத்தும் என்பார்கள், பழைய நூல்களில் பியாக் என்றும் வரும். தாவரவியல் பெயர் மித்ரஜைனா ஸ்பெசியோசா. 19-ஆம் நூற்றாண்டில் கோர்தால்ஸ் என்ற டச்சுத் தாவரவியலாளர் இந்த இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, பூவின் சூல்முடி கிறிஸ்தவ ஆயர்கள் தலையில் அணியும் கூம்புத் தொப்பி போல இருக்கிறதே என்று அந்தத் தொப்பியின் பெயரையே வைத்துவிட்டார்.

ஐயா, கடம்பும் இதே குடும்பம் என்கிறார்களே. எங்கள் மீனாட்சியம்மன் கோயில் தல மரம் கடம்பு. அதிலும் போதை இருக்கிறதா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும்.
– வாசகி, மதுரை

கேட்டதில் தப்பே இல்லை அம்மா. உருண்டைப் பூக் கடம்பும் கிராதோமும் ஒரே குடும்பத்தில் ஒரே கிளையைச் சேர்ந்தவை, ஆனால் வேறு வேறு இனம். கிராதோமுக்கு அதைவிட நெருங்கிய சொந்தம் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. கண்மாய்க் கரையிலும் ஓடையோரத்திலும் நிற்கிற நீர்க்கடம்பு. அதன் தாவரவியல் பெயர் மித்ரஜைனா பார்விஃபோலியா, அதாவது கிராதோமுக்குக் கூடப்பிறந்த மரம் என்றே சொல்லலாம். நம் நாட்டு மருத்துவத்தில் அதன் பட்டையைக் காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கூடப்பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே குணம் வாய்ப்பதில்லை. நீர்க்கடம்பின் இலையிலும் பட்டையிலும் அல்கலாய்டுகள் (செடிக்குள் உண்டாகும் வீரியமுள்ள வேதிப்பொருள்கள்) உண்டு, மித்ரஃபிலின், ரின்கோஃபிலின் போன்றவை. கிராதோமின் போதைக்குக் காரணமான மித்ரஜினைன் அதில் இல்லை. அதனால் உங்கள் ஊர்க் கடம்பவனத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது கண்மாய்க்கரை மரத்தில் இலை பறிக்கக் கிளம்பினால் அவர்களுக்கும் இதேதான் பதில், அதில் நீங்கள் தேடுவது கிடையாது.

ஐயா, வணக்கம். எங்கள் அப்பா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால்மரம் சீவியவர். சாயங்காலம் பக்கத்துக் கம்பத்து (மலாய்க் கிராமத்து) நண்பர்களோடு கெத்தும் தண்ணீர் குடிப்பார். உடம்பு வலிக்கு மருந்து என்பார். குடித்துவிட்டுச் சத்தம் போட்டதில்லை, அடித்ததில்லை, ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. நீங்கள் 'போதை தரும் மரம்' என்று எழுதியதைப் படித்ததும் மனசு சங்கடப்பட்டது. என் அப்பா போதைக்காரரா?
– வாசகர், சுங்கைப்பட்டாணி

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். முதலில் ஒன்று. 'போதை தரும் மரம்' என்று ஒரே வரியில் நான் தள்ளிவிட்டுப் போயிருக்கக் கூடாது. அந்த வரி உங்கள் அப்பாவைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கையைச் சுருக்கிவிட்டது, அதற்காக வருந்துகிறேன்.

உங்கள் அப்பா சொன்னது வெறும் சாக்கு இல்லை. தென் தாய்லாந்திலும் கெடா, பெர்லிஸ் பக்கமும் வெயிலில் உழைப்பவர்கள், மீன்பிடிப்பவர்கள், வயல்வேலைக்காரர்கள், பால்மரம் சீவுபவர்கள், எல்லோரும் தலைமுறை தலைமுறையாக இந்த இலையைப் பயன்படுத்தியவர்கள். தாய்லாந்தில் பச்சை இலையின் நடு நரம்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை வாயில் அடக்கி மெல்லுவார்கள், மலச்சிக்கல் வராமலிருக்க ஒரு கல் உப்பு சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. வீட்டுக்கு வருகிறவருக்கு நம் பக்கம் வெற்றிலைத் தட்டு நீட்டுவது போல அங்கே இந்த இலையை நீட்டுகிற வழக்கம் இருந்தது. மலேசியாவில் இலையை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து வடித்த தண்ணீர், அதுதான் உங்கள் அப்பா குடித்தது. கொஞ்சமாக எடுத்தால் சுறுசுறுப்பு, வெயில் உறைக்காது, பசி தெரியாது. கூடுதலாகப் போனால் வலி அடங்கும், உடம்பு தளர்ந்து தூக்கம் சொக்கும். காலையில் வேலைக்கு முன் ஒரு குணம், இரவில் இன்னொரு குணம் என்று ஒரே இலையை இரண்டுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இதைப் பல வருடங்களாக ஆராய்கிறார்கள். 2020-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. கெத்தும் குடித்துப் பழகிய 26 ஆண்களைக் கூப்பிட்டு, சிலசமயம் கெத்தும் தண்ணீர், சிலசமயம் அதைப் போலவே இருக்கும் வேறு பானம், எது எது என்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது, அப்படிக் கொடுத்து, பிறகு கையைப் பனிக்கட்டித் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்பதுதான் கணக்கு. கெத்தும் குடிப்பதற்கு முன் சராசரியாக 11 விநாடி, குடித்து ஒரு மணி நேரம் கழித்து 24 விநாடிக்கு மேல். மற்ற பானத்துக்கு அந்த மாற்றம் இல்லை. அதாவது வலி அடங்குகிறது என்று உங்கள் அப்பா சொன்னதற்கு இப்போது அளவெடுத்த சாட்சி இருக்கிறது.

ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் 2014 ஆய்வையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். தினம் குடிக்கும் 293 பேரை விசாரித்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடுமையான அடிமைத்தனமும், மற்றவர்களில் பெரும்பாலோருக்கு நடுத்தர அளவிலும் இருந்தது. நிறுத்தினால் கை கால் குடைச்சல், தூக்கமின்மை, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், பேதி, எரிச்சல். தாய்லாந்தில் நெடுநாள் மென்றவர்களை 1970-களில் கவனித்த மருத்துவர் ஒருவர், உடல் இளைப்பு, மலச்சிக்கல், கன்னத்துத் தோல் கறுத்துப்போவது என்று எழுதிவைத்திருக்கிறார்.

ஆக, போதைக்காரர் என்ற சொல் உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. உழைப்பின் வலிக்கு மருத்துவர் கிடைக்காத இடத்தில், கைக்கு எட்டியதை மருந்தாக்கிக்கொண்டவர். அந்த மருந்து அவர் உடம்பைப் பிடித்தும் வைத்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும். மலேசியாவில் மித்ரஜினைன் 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, அதிகபட்சம் 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், நான்கு வருடச் சிறை, அல்லது இரண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அப்பா இன்னும் குடிக்கிறார் என்றால், எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும் கெத்தும் குடிப்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கல்லீரல் பல மருந்துகளை உடைக்கிற அதே வழியில்தான் இதையும் உடைக்கிறது, ஒன்று மற்றொன்றைத் தடுத்து உடம்பிலேயே தேங்கவைத்துவிடும்.

நான் பி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு. மித்ரஜினைன் மார்ஃபின் மாதிரி வேலை செய்கிறது என்று ஒரு இடத்திலும், இல்லை என்று ஒரு இடத்திலும் படித்தேன். எது சரி சார்?
– மாணவி, கோயம்புத்தூர்

இரண்டிலும் உண்மை இருக்கிறது. நான் பாடம் எடுத்த காலத்தில் இந்த மரத்துக்குப் பாடத்தில் அரைப் பக்கம்கூடக் கிடையாது, நீங்களாகத் தேடிப் படித்திருக்கிறீர்கள், சந்தோஷம்.

ஒரு சின்னக் கதையோடு ஆரம்பிக்கிறேன், நீங்கள் கோவைக்காரர் என்பதால். 1884-இல் டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளர் ஊட்டிக்கு வந்தார். நீலகிரியில் அரசு வளர்த்த சிங்கோனா மரப்பட்டையில் மலேரியா மருந்தான குவினைன் எவ்வளவு இருக்கிறது என்று சோதிப்பது அவர் வேலை. சிங்கோனாவும் காபிக் குடும்பம்தான். அதே ஹூப்பர் பிற்பாடு கல்கத்தாவுக்குப் போய், 1907-இல் கிராதோம் இலையிலிருந்து ஒரு அல்கலாய்டைப் பிரித்தெடுத்ததாக எழுதினார். அந்தக் காலத்தில் மலாயாவில் அபினியை விட முயன்றவர்கள் இந்த இலைக்கு மாறுகிறார்கள் என்ற செய்தி பரவியிருந்ததால்தான் இதன் மேல் ஆர்வம். 1921-இல் எல்லன் ஃபீல்டு என்ற பெண் வேதியியலாளர் அதைத் தனியாக எடுத்து மித்ரஜினைன் என்று பெயரிட்டார்.

இப்போது கேள்விக்கு வருவோம். மித்ரஜினைனின் மூலக்கூறு அமைப்புக்கும் மார்ஃபினின் அமைப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது இண்டோல் வகை, அது அபினிச் செடியின் வேறு வகை. ஆனால் மூளையில் போய் உட்காருகிற இடம் ஒன்று: மியூ ஓபியாய்டு ஏற்பி, அதாவது அபினி வகைப் பொருள்கள் (ஓபியாய்டுகள்) போய் ஒட்டிக்கொள்ளும் இடம். உட்கார்ந்த பிறகு நடப்பதில்தான் வித்தியாசம். மார்ஃபின் தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிடுகிறது என்றால், மித்ரஜினைன் பாதி திருப்பிவிட்டு அங்கேயே நிற்கிறது. எவ்வளவு கூட்டினாலும் ஒரு அளவுக்கு மேல் திறக்காது, இதைப் பகுதி இயக்கி என்கிறோம். அப்புறம், அதே ஏற்பி செல்லுக்குள் இரண்டு பாதையில் செய்தி அனுப்பும், ஒன்று ஜி புரதம் வழியாக, மற்றொன்று பீட்டா அரெஸ்டின் வழியாக. மித்ரஜினைன் இரண்டாவது பாதையைத் தொடுவதில்லை என்று 2016-இல் வந்த ஆய்வுகள் காட்டின. மார்ஃபின் கூடினால் மூச்சு அடங்குவதற்கு அந்த இரண்டாவது பாதைதான் காரணம் என்று அப்போது நினைத்ததால் பெரிய பரபரப்பு. அந்தக் கருத்தைப் பிந்தைய சோதனைகள் ஆட்டம் காணவைத்துவிட்டன, ஆகவே அதை மட்டும் வைத்துக்கொண்டு 'மூச்சு நிற்காத மார்ஃபின்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இது போக அட்ரினலின், செரட்டோனின் சார்ந்த ஏற்பிகளிலும் மித்ரஜினைன் கை வைக்கிறது, கொஞ்சமாக எடுக்கும்போது வருகிற சுறுசுறுப்பை ஓபியாய்டு மட்டும் வைத்து விளக்க முடியாது.

இன்னொரு பெயரையும் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 7-ஹைட்ராக்ஸி மித்ரஜினைன். இலையில் இது மிகமிகக் கொஞ்சம், மொத்த அல்கலாய்டில் 2 சதவீதம்கூட வராது, அதுவும் பெரும்பாலும் இலை காயும்போது உண்டாவது. நம் கல்லீரலும் மித்ரஜினைனை இதுவாக மாற்றுகிறது. விலங்குச் சோதனையில் மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியம். மேற்கொண்டு கீழே அமெரிக்க வாசகருக்கு எழுதியிருப்பதைப் படியுங்கள்.

தேர்வுக்கு உதவாத, ஆனால் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: தாய்லாந்து இலையில் மொத்த அல்கலாய்டில் மூன்றில் இரண்டு பங்கு, 66 சதவீதம், மித்ரஜினைன். மலேசிய இலையை அதேபோல் சோதித்தபோது 12 சதவீதம்தான். ஒரே மரம், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மண், மழை, மரத்தின் வயது எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது. இதனால்தான் 'ஒரு ஸ்பூன் பொடி' என்று அளவு சொல்கிறவர்களை நான் நம்புவதே இல்லை.

தாய்லாந்தில் 1943-இல் தடை செய்தார்களாம், 2021-இல் தடையை நீக்கினார்களாம். அப்படியானால் தடை செய்தது தப்பா, நீக்கியது தப்பா?
– வாசகர், சென்னை

தடை வந்த காரணத்தைத் தெரிந்துகொண்டால் நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

அப்போது தாய்லாந்தில் அபினி விற்பனை அரசின் கையில் இருந்தது. உரிமம் பெற்ற கடைகள், வரி, நல்ல வருமானம். போர்க்காலத்தில் அபினி விலை ஏறியபோது மக்கள் என்ன செய்தார்கள்? கொல்லையில் சும்மா நிற்கிற மரத்தின் இலைக்கு மாறிவிட்டார்கள். இலைக்கு வரி இல்லை. அரசுக் கஜானாவுக்கு நஷ்டம். நாடாளுமன்றத்திலேயே ஓர் உறுப்பினர் எழுந்து, அபினிக்கு வரி அதிகம், கிராதோமுக்கு வரியே இல்லை, வரி உயர உயரச் சனங்கள் இதற்குப் போகிறார்கள் என்ற பொருளில் பேசியது பதிவாகியிருக்கிறது. 1943-இல் சட்டம் வந்தது. மரத்தை நடக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, இருக்கிற மரத்தை வெட்ட வேண்டும். மருத்துவர்கள் கூடி, உடம்புக்குக் கேடு என்று ஆராய்ந்து எடுத்த முடிவல்ல அது. 1979-இல் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவோடு சேர்த்து ஐந்தாம் வகையில் வைத்தார்கள்.

சட்டம் வந்தும் தெற்கே யாரும் மெல்லுவதை விடவில்லை. சூராட் தானி மாகாணத்தில் நாம் பூ என்ற ஊரில் மக்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, எத்தனை மரம், யார் வீட்டில் என்று கணக்கெடுத்து, பாரம்பரியமாக மெல்லுகிறவர்களுக்கு மட்டும் என்று நடத்திக் காட்டினார்கள். ஊரை ஊர்தான் பார்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2021 ஆகஸ்ட் 24-ஆம் தேதி கிராதோம் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீங்கியது. வழக்குகள் கைவிடப்பட்டன, சிறையில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். 2022-இல் தனிச் சட்டம் போட்டு, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் விற்கக் கூடாது என்று ஆக்கினார்கள்.

நீக்கியது சரி என்பது என் கருத்து. ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. தெற்கே இளைஞர்கள் நடுவே 'நான்கு பெருக்கல் நூறு' என்று ஒரு கலவை பரவி ரொம்ப நாளாயிற்று. கொதிக்கவைத்த இலைத் தண்ணீர், கோலா, இருமல் மருந்து, ஐஸ் கட்டி என நாலும் சேர்ந்தது, சிலர் இன்னும் எதை எதையோ சேர்ப்பார்கள். தாத்தா மென்ற இலையும் பேரன் குடிக்கும் இந்தக் கலவையும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் இருவருக்குமே கெடுதல்தான்.

இங்கே அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் கடைகளிலேயே கிராதோம் பொடி, கேப்ஸ்யூல், 'செவன் ஓஎச்' என்று மாத்திரை எல்லாம் விற்கிறார்கள். இயற்கை மூலிகை என்று போட்டிருக்கிறது. கூட வேலை செய்பவர் முதுகுவலிக்குச் சாப்பிடுகிறார், என்னையும் சாப்பிடச் சொல்கிறார்.
– வாசகர், டெக்சஸ்

சாப்பிடாதீர்கள். நேராகச் சொல்லிவிட்டேன், இப்போது காரணம்.

பொடியும் மாத்திரையும் ஒன்றல்ல, முதலில் அதைப் பிரிப்போம். பொடி என்பது காய்ந்த இலையை அரைத்தது. பெரும்பாலும் இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில், காபுவாஸ் ஆற்றுப் படுகையில் பறித்து, பொந்தியானாக் துறைமுகம் வழியாக வருவது. அங்கே ரப்பர் விலை விழுந்த பிறகு பல குடும்பங்களுக்கு இதுதான் சோறு. பறிக்கிற இடத்தில், காயவைக்கிற இடத்தில், அரைக்கிற இடத்தில் சுத்தம் எப்படி என்பது பொட்டலத்தில் எழுதியிருக்காது. 2018-இல் கிராதோம் பொடி மூலம் சால்மொனெல்லா என்ற கிருமி பரவி அமெரிக்காவின் 41 மாநிலங்களில் 199 பேருக்கு நோய் வந்தது. அதற்கும் முன்பு ஸ்வீடனில் 'கிரிப்டான்' என்ற பெயரில் விற்ற கிராதோம் பொடியில் டிராமடால் வகை வலி மருந்து ஒன்றைக் கலந்திருந்தார்கள், ஒரு வருடத்துக்குள் 9 பேர் இறந்தார்கள். அவர்கள் வாங்கியது மூலிகை என்று நம்பித்தான்.

செவன் ஓஎச் மாத்திரை என்பது வேறு சமாச்சாரம். மேலே மாணவிக்குச் சொன்ன 7-ஹைட்ராக்ஸி மித்ரஜினைன்தான் அது. இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளியூண்டு பொருள். மாத்திரையில் இருக்கும் அளவை இலையிலிருந்து பிழிந்தெடுத்துக் கட்டுபடியாகாது, மித்ரஜினைனை ஆலையில் வேதிமாற்றம் செய்துதான் தயாரிக்கிறார்கள். தாய்லாந்துக் கிழவர் எழுபது வருடம் மென்றும் நன்றாக இருந்தார் என்று இந்த மாத்திரையை விற்பது, கம்பங்கூழ் குடித்தவர் நன்றாக இருந்தார் என்று சொல்லி சாராயம் விற்பது போல. 2025 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, செவன் ஓஎச்சைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாக்கப் பரிந்துரை செய்தது, இலையைப் பற்றி அல்ல, இந்தச் செறிவூட்டிய பொருளைப் பற்றி என்று பிரித்தே சொன்னது. அந்தப் பிரிவினை சரியானது. 2016-இல் அவர்கள் நாட்டுப் போதைத் தடுப்புத் துறை இலையையே மொத்தமாகக் கடுமையான பட்டியலில் போடப் பார்த்து, மக்கள் எதிர்ப்பால் சில வாரங்களில் பின்வாங்கியது. உலகச் சுகாதார அமைப்பின் நிபுணர் குழுவும் 2021-இல் இதைக் கண்காணித்தால் போதும் என்றுதான் சொன்னது.

கிராதோமால் சாவு வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நண்பர் கேட்பார். 2016 ஜூலை முதல் 2017 டிசம்பர் வரை பல அமெரிக்க மாநிலங்களில் மருந்தையோ போதைப்பொருளையோ அளவு மீறி எடுத்ததால் நேர்ந்த 27,338 மரணங்களை ஆராய்ந்ததில் 152 பேர் உடலில் கிராதோம் இருந்தது, 91 பேருக்கு அது ஒரு காரணம் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். சோதனையில் கிராதோம் மட்டுமே தெரிந்தது 7 பேருக்கு. மிச்சப் பேரிடம் ஃபென்டனில், ஹெராயின், தூக்க மருந்து என்று கூடவே ஏதாவது இருந்தது. ஆகவே மற்ற மருந்தோடு, மதுவோடு கலப்பதுதான் பெரிய ஆபத்து. கல்லீரல் பாதிப்பும் சிலருக்கு வருகிறது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, உடம்பு அரிப்பது தெரிந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதுகுவலிக்கு பிசியோதெரபி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் அவரிடம்.

பெயர் வேண்டாம் ஐயா. மகன் அமெரிக்காவில் படிக்கிறான். போன வருஷம் வந்தபோது பையில் பச்சைப் பொடி இருந்தது. கேட்டால் 'காபி மாதிரிதான்மா, மூலிகை' என்றான். இப்போது போனில் அழுகிறான், விட முடியவில்லை என்கிறான், நிறுத்தினால் ராத்திரி முழுக்க கால் உதறுகிறதாம். அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. நான் என்ன செய்வது?
– ஒரு தாய், திருச்சி

அம்மா, மகன் உங்களிடம் அழுதான் என்பதே நல்ல சேதி. மறைப்பவன் அழ மாட்டான். அவன் கேட்டது உதவி.

'காபி மாதிரி' என்று அவன் சொன்னதில், இரண்டும் ஒரே குடும்பம் என்ற அளவுக்கு மட்டும் உண்மை. குடும்பம் ஒன்றாக இருந்தால் குணம் ஒன்றாக இருக்காது என்று மதுரை வாசகிக்கு எழுதியிருக்கிறேன், அவனிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். ஏமாந்ததற்காகத் திட்ட வேண்டாம். 'இயற்கை' என்று அச்சடித்துக் கடையில் வெளிப்படையாக விற்பதை வாங்கினவன் அவன்.

கால் உதறுவது, தூக்கம் வராதது, மூக்கு ஒழுகுவது, வயிறு போவது, இதெல்லாம் ஓபியாய்டு பழக்கத்தை நிறுத்தும்போது வருபவை. மன உறுதி இல்லாததால் அல்ல, நரம்புகள் அந்தப் பொருளுக்குப் பழகிவிட்டதால் வருபவை. ஒரேயடியாக நிறுத்திவிட்டுத் தனி அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கென்று மருத்துவ மையம் இருக்கும், அங்கே போய், என்ன பொடி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு நாளாக, மாத்திரையும் உண்டா, கூட மது உண்டா என்று உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். மருத்துவர் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைப்பது ஒரு வழி. கடுமையாக இருந்தால் ஹெராயின் பழக்கத்துக்குக் கொடுக்கும் புப்ரினார்ஃபின் மருந்தைக் கொடுத்து இதிலிருந்தும் மீட்டிருக்கிறார்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை தூக்க மாத்திரையோ மதுவோ சேர்க்கவே கூடாது, இதை மட்டும் இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். ஊருக்கு வரும்போது சிங்கப்பூர் வழியாக வருகிறவனா? அந்த நாட்டில் மித்ரஜினைன் ஹெராயினோடு சேர்த்து முதல் வகைப் போதைப்பொருள், பையில் ஒரு பொட்டலம் இருந்தால் போதும், வாழ்க்கையே போய்விடும்.

அப்பாவிடம் எப்போது சொல்வது என்பதை மகனே முடிவு செய்யட்டும். முதல் முறை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு சொன்னால் இருவருக்கும் சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு மறுபடி எழுதுங்கள், இந்தப் பக்கத்தில் போட மாட்டேன், தனியாகப் பதில் எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு ஏக்கர் நிலம், கண்மாய்ப் பாசனம். கிராதோம் நாற்று கிடைத்தால் நட்டு ஏற்றுமதி செய்யலாமா?
– விவசாயி, புதுக்கோட்டை

வேண்டாம் அண்ணே. வாங்குகிற நாடுகளின் சட்டம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது, அதை நம்பி கலிமந்தானில் நட்டவர்களே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இந்த மரத்துக்கு ஆற்றோரச் சேறும் வருஷம் முழுக்க ஈரக்காற்றும் வேண்டும், புதுக்கோட்டை வெயிலுக்கு ஆகாது. விதை தூசி மாதிரி இருக்கும், சில நாளில் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். வேற்று மண்ணில் வந்தாலும் இலையில் எவ்வளவு சரக்கு ஏறும் என்று சொல்ல முடியாது.

கண்மாய்க் கரையில் மரம் வைக்கத்தான் ஆசை என்றால் நீர்க்கடம்பையே வையுங்கள். நம் மண்ணுக்குப் பழகியது, தண்ணீர் நின்றாலும் அழுகாது, கரையைப் பிடித்துக்கொள்ளும், பூக்கிற காலத்தில் தேனீ மொய்க்கும். அதன் விதையும் தூசிதான், அதனால் மணலோடு கலந்து தட்டில் தூவி, மேலே மண் போடாமல், தெளிக்கும் தண்ணீரில் விதை அடித்துக்கொண்டு போகாதபடி பூவாளியால் லேசாக ஊற்றி வாருங்கள். ஒரு முழம் வளர்ந்ததும் மழைக்கு முன்னால் கரையில் வைத்துவிடலாம்.